தொட்டிக்குத் தெரிந்த வாய்

சனிக்கிழமை வண்டியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாக வேண்டும். கழுவாவிட்டால் குழந்தை வண்டியில் ஏறாது. குழந்தை ஏறாவிட்டால் அதன் அம்மா ஏறமாட்டாள். அவள் ஏறாவிட்டால் மாமனாரும் ஏறமாட்டார். காங்கேயத்துக்கு அப்பால் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மொட்டைக்கும் காதுகுத்துக்கும், எல்லாரும் வாடகைக் காரில் போய்விடுவார்கள். திருமூர்த்தி அமராவதி அணைக்குக் கீழே, வீட்டு வண்டிகள் நிற்கும் திடலில், வேப்பமரத்தடியில், இந்த ஒரு வருடமாக எப்படி நின்றானோ அப்படியே நின்றுகொள்ளலாம்.

இதையெல்லாம் கொழுந்தியா தாரிணி போனில் ஒரே மூச்சில் சொன்னாள். பையனுக்குப் புட்டிப்பால் கரைக்கத் தண்ணீர் வேண்டும், ஒன்பது மாதக் குழந்தைக்கு அந்தத் தொட்டித் தண்ணீர் ஆகவே ஆகாது, அதில் உப்பு அதிகம் என்றாள். பார்க்கலாம் என்றான் திருமூர்த்தி.

"நீங்க பாக்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம் மாமா. எங்கக்கா சொல்லியிருக்கா."

போனை வைத்த பிறகு சொம்பில் தண்ணீர் பிடித்து அண்ணாந்து குடித்தான். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அது அவன் மனைவி மிருதுளாவின் உப்பு. அதைத்தான் கழுவச் சொல்கிறார்கள்.

வண்டி வாங்க வேண்டும் என்பது மிருதுளாவின் ஆசை. இரண்டு பேருக்குமே எங்கே உட்கார்ந்து செய்தாலும் நடக்கிற வேலை. பாலங்கள் எவ்வளவு அதிர்கின்றன என்று திரையில் பார்த்துச் சொல்கிறவன் அவன். பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் அவள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வீட்டையே ஓட்டிக்கொண்டு போவது அப்போது ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தது. கட்டில், அடுப்பு, குளியலறை, மேலே சூரியத்தகடு. இரண்டு பேருக்கு அது போதும்.

ஆனால் வண்டியைவிட அதிகம் பேசப்பட்டது அதன் தொட்டிதான். கட்டிலுக்கு அடியில் எண்பது லிட்டர் பிடிக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி. உட்சுவர் முழுக்க, தோசைக்கல்லில் எண்ணெய் தடவியது போல மெல்லிய ஓர் உயிர்ப்பூச்சு. நல்ல நுண்ணுயிர்களை வளர்த்து உண்டாக்கிய படலம் அது. கெட்ட கிருமியைத் தின்றுவிடும்; அது பழைய கதை. குடிக்கிற ஆளை அது தெரிந்துகொள்ளும் என்பதுதான் புதிய கதை. ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு வளையம் இருந்தது. உதடு அதில் பட்டால் போதும். எச்சிலை வைத்து அந்த உடம்புக்கு எது குறைகிறது என்று பூச்சு கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் மாட்டியிருக்கும் குப்பியிலிருந்து உப்போ இரும்போ சுண்ணச்சத்தோ அளவாகத் தண்ணீரில் விட்டுக்கொள்ளும்.

விற்க வந்தவர் இதை வெகுநேரம் விளக்கினார். மிருதுளா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தோசை மாவு, கரைக்கிற கைக்குத் தகுந்த மாதிரிப் புளிக்கும்ல. அது மாதிரிங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அடுத்து வந்தவரிடம் அதையே சொல்லி விற்கத் தொடங்கினார்.

மிருதுளாவுக்கு ரத்த அழுத்தம் எப்போதும் குறைவு. சட்டென்று எழுந்து நின்றால் கண் இருட்டும். வண்டிக்குக் குடிவந்த சில வாரங்களில் இருட்டுவது நின்றுபோனது. அவள் குழாயடியில் குனிந்து, வாயை வைத்து, கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சுவாள். அவனுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. சொம்பையோ பாட்டிலையோ உதட்டில் படாமல் தூக்கி ஊற்றியே வளர்ந்தவன். எச்சில் பண்ணாதே என்று அவன் வீட்டில் அம்மா சொல்லாத நாள் கிடையாது. அதை மிருதுளாவிடம் அவன் சொல்லப்போனால் அவள் சிரிப்பாள். "தொட்டியே என் எச்சியப் பாத்துத்தான் ஓடுது. நீ எத்தன ஒசரத் தூக்கிக் குடிச்சாலும் அதேதான்."

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அதைப் பற்றிச் சொல்ல அவனிடம் அதிகம் இல்லை. துணிகளைத் தாரிணி எடுத்துப்போனாள். வரையும் பலகையை மாமனார் கேட்டார், கொடுத்தான். எதைக் கொடுக்கும்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. கன்னம் இருக்கிறது, தன்னுடையதாக இல்லை.

தொட்டி மட்டும் மிச்சம். அதற்குள் இருந்தவை அவளைத் தெரிந்த உயிர்கள். அவள் வந்து குனிந்து குடித்தால் கண் இருட்டக் கூடாது என்று இன்றைக்கும் உப்புப் போட்டுக்கொண்டிருந்தன. அவன் தினமும் அதைக் குடித்தான். சில மாதங்களாக உப்பு கூடிக்கொண்டே வந்தது. குப்பிகள் சீக்கிரம் தீர்ந்தன. மற்றவர்கள் மறக்க மறக்க இது மட்டும் அழுத்தி நினைக்கிறது என்று எடுத்துக்கொண்டான்.

தொட்டிக்கு ஒரு சின்னத் திரை உண்டு. யாருக்கு என்ன கலக்கிறது என்று அது சொல்லும். அவன் அதைத் திறந்ததே இல்லை. அவள் பெயர் அதில் இருக்கும். பார்த்தால் தாங்க முடியாது என்பதால் அல்ல. பார்த்தும் ஒன்றும் தோன்றாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான்.

பார்க்கலாம் என்று சொன்னவனைப் பார்க்கவே சனிக்கிழமை காலை எல்லாரும் வந்து இறங்கினார்கள். மாமனார் நாச்சிமுத்துவின் இரண்டு தோளிலும் இளநீர்க் குலை. தென்னந்தோப்புக்காரர், வெறும் கையோடு எங்கேயும் போகத் தெரியாது. தாரிணி ஒரு இடுப்பில் குழந்தையும் மறுகையில் ப்ளீச் பாட்டிலுமாக வந்தாள். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் என்பதால் கிருமியைக் கொல்வதில் அவளுக்கு ஒரு தனி உற்சாகம். அவள் கணவன் பெங்களூரிலிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

திடலின் வாசலில் பாவாயி டீக்கடை வைத்திருந்தாள். உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தாள். கூடவே அவளுடைய வெள்ளாடு மேனகாவும் இரண்டு குட்டிகளும் வந்தன. குழந்தை செந்தூரன் ஆட்டைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கினான். பாவாயிக்கு ஆட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டது. போன வருடம் தாதுஉப்புக் கட்டி வாங்கிக் கட்டித் தொங்கவிட்டாளாம். இந்த வருடம் மேனகா அதை மோந்துகூடப் பார்க்கவில்லையாம். ஆனாலும் பால் இரண்டு மடங்காம். நல்ல நேரம் வந்தால் ஆட்டுக்கும் வரும் என்றாள்.

நாச்சிமுத்து மடியை அவிழ்த்து ஓர் உருண்டை புளியை எடுத்தார். அண்டாவோ குண்டாவோ, புளி போட்டுத் தேய்த்தால்தான் கழுவியது கணக்கு என்பது அவர் கட்சி. ப்ளீச்சில் புளிப்பு எது சேர்ந்தாலும் விஷவாயு கிளம்பும், எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான் என்று தாரிணி பொறுமையாக விளக்கினாள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு திருமூர்த்தியைத் தனியாக வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"கொஞ்சூண்டு போட்டா ஒண்ணும் ஆகாதுங்களே மாப்ள?"

புளியைத் தாரிணி பிடுங்கிப் பாவாயியிடம் கொடுத்துவிட்டாள். பாவாயி மறுபேச்சில்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வேலை தொடங்கியது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியை முதலில் கழற்றி வெளியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ளீச் அதைக் கெடுத்துவிடும். வெந்நீர்க் கலனுக்குப் போகும் வழியை மூட வேண்டும். திருமூர்த்தி இரண்டையும் செய்தான். அடுத்தது, தொட்டியின் அடியிலிருக்கும் வடிகால் திருகு. அதைத் திறந்தால் இருக்கும் தண்ணீர் எல்லாம் மண்ணுக்குப் போய்விடும். அவன் எழுந்து உள்ளே போய் ஒரு தேன் பாட்டிலை எடுத்துவந்தான். முந்தின நாளே கழுவிக் காயவைத்திருந்தான்.

தாரிணி பாட்டிலைப் பார்த்தாள். அவன் கேட்கும் முன்பே புரிந்துகொண்டாள்.

"பாட்டில்ல ரெண்டு நாள்கூடத் தாங்காது மாமா."

"குளிர்பெட்டில வெச்சா?"

"குளிர்பெட்டில வெச்சாலும் செத்துரும். அதுகளுக்குச் சோறு குழாய்வழியா வர்ற எச்சிதான்."

அவன் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு இளநீர் சீவப் போனார். தாரிணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொறக்கறதுக்கு முந்தி அந்தத் திரைய ஒருக்காப் பாத்துருங்க மாமா."

"வேண்டாம்."

"நீங்க பாக்காட்டி நான் ப்ளீச் ஊத்த மாட்டேன்."

கோபத்தில் சொல்வது போல இல்லை. கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு நிபந்தனை சொல்வது போலச் சொன்னாள். அவன் கட்டிலைத் தூக்கி நிறுத்தி, திரையின் மூடியைத் தள்ளினான். தூசி. விரலால் துடைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. எந்த நாட்டிலோ எழுதி, இயந்திரம் தமிழாக்கிய எழுத்து.

"மதிப்பிற்குரிய பயனாளரே, வணக்கம். தாங்கள் பாலூட்டும் தாய் என்பதை அறிந்து மகிழ்கிறோம். தங்களுக்காக உப்பும் சுண்ணச்சத்தும் கூட்டப்பட்டுள்ளன."

அவன் மறுபடி படித்தான். மிருதுளாவுக்குக் குழந்தை இல்லை. விரலால் தள்ளினான்.

"தங்கள் உணவில் கீரை வகைகள் மிகச் சிறப்பாக உள்ளன. பாராட்டுகள். தாங்கள் உணவை நெடுநேரம் மென்று உண்பது நல்ல பழக்கம். தங்கள் உடல் வெப்பம் சற்று அதிகம். அருகிலுள்ள மருத்துவரை அணுகவும்."

"என்னங்க மாப்ள போட்டிருக்குது?" என்று நாச்சிமுத்து வெளியிலிருந்து கேட்டார்.

அப்போது வண்டியின் பின்பக்கத்திலிருந்து செந்தூரன் கெக்கலித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. குழந்தை தனியாக இருக்கிறான் என்று பயந்து மூன்று பேரும் ஓடினார்கள். அவன் மண்ணில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான். எதிரே, கால் கழுவுவதற்காகப் பின்கதவை ஒட்டி வைத்திருந்த வெளிக் குழாயை மேனகா வாய்க்குள் வாங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், வளையத்தை நாக்கால் சுற்றிச் சுற்றி நக்கியது. நக்க நக்கக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இது புதிய சந்திப்பு அல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது.

"தெனமும் வருவாளே" என்றாள் பாவாயி. "வேப்பந்தழைக்கு வர்றான்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

நாச்சிமுத்து ஆட்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். எண்ணம் ஒன்று மெதுவாக அவர் முகத்தில் ஏறியது.

"அப்ப மாப்ள இத்தன நாளா..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு வருடம். சொம்பைத் தூக்கித் தூக்கி உதட்டில் படாமல் குடித்தவனைத் தொட்டிக்குத் தெரியவே தெரியாது. அதற்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. முறையாக வாயை வைத்து, தினமும் வந்து, தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே ஜீவன் மேனகாதான். இரட்டைக்குட்டி போட்ட ஆட்டுக்கு என்ன வேண்டுமோ அதைப் பார்த்துப் பார்த்துக் கலந்திருக்கிறது. அதைத்தான் அவன் சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக, மரியாதையோடு குடித்திருக்கிறான்.

முதலில் அவன் மூக்கு வழியாக ஏதோ சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய அவனுக்கே கொஞ்சம் நேரமானது. பிறகு நிறுத்த முடியவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்து, தேன் பாட்டிலைக் கட்டிக்கொண்டு சிரித்தான். மாமனாரும் துண்டை எடுத்துவிட்டார். மேனகா ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குழாய்க்குப் போனது. இன்னும் சிரிப்பு வந்தது. வயிறு வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது.

தாரிணி மட்டும் அளவாகத்தான் சிரித்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அவன் உள்ளே போய்த் திரையை இன்னும் கீழே தள்ளினான். கடைசியில் ஒரு வரி இருந்தது. "முந்தைய பயனாளர் வெளியேறிவிட்டார்." பெயர் இல்லை. அவ்வளவுதான்.

"எப்ப?" என்றான், பின்னால் நின்ற தாரிணியிடம்.

"உதடு படறது நின்னு மூணு வாரம். மிஞ்சிப்போனா நாலு."

"அதுக்குள்ள மறந்துருச்சா?"

"மறக்கல மாமா. அதுகளோட வாழ்நாளே அவ்வளவுதான். அக்காவத் தெரிஞ்சதுக அக்காவத் தெரிஞ்சே செத்துப்போச்சு. அதுக்கப்பறம் பொறந்ததுகளுக்கு அக்கா ஆருன்னே தெரியாது. மேனகாவத்தான் தெரியும்."

நாச்சிமுத்து வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது. மனுசன் பாட்டுக்கு ஒரு நம்பிக்கையில் குடித்துக்கொண்டிருந்தார், அதைப் போய்க் காட்டிக் கெடுக்க வேண்டுமா என்று மகளைக் கடிந்தார். படித்தவர்களுக்கு எதையும் அப்படியே விட்டுவைக்கத் தெரியாது என்றார்.

"காட்டாம ப்ளீச் ஊத்தியிருந்தா, அக்காவ ஊத்திக் கொன்னுட்டோம்னு நெனச்சுட்டேதான் இவரு நாளைக்கு வண்டி ஓட்டோணும். அது பரவால்லீங்களாப்பா?"

அவர் "அதென்னமோ போ" என்று இளநீருக்கே திரும்பிப் போனார்.

திருமூர்த்தி அந்த வரியை மறுபடி படித்தான். இந்த ஒரு வருடமும் அவன் காவல் காத்தது காலித் தொட்டி. கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வந்தது. யார்மேல் என்று தெரியாமல் மிருதுளாவின் மேலேயே வந்தது. போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை நாளில் அவள்மேல் கோபப்படுவது இதுதான் முதல் தடவை. அது நன்றாகவே இருந்தது, அவள் எதிரே நின்று வாயாடத் தயாராக இருப்பது போல.

அவனே கீழே படுத்து வடிகால் திருகைக் கழற்றினான்.

தண்ணீர் மண்ணில் கொட்டி, வாய்க்காலாக ஓடி, வேப்பமர வேருக்குப் போனது. மேனகாவும் குட்டிகளும் கூடவே ஓடின. தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, நீளக்கைப் பிடி வைத்த பஞ்சால் உட்சுவரைத் துடைத்தான். வழவழவென்று பழுப்பாக வந்தது. பார்க்க ஒன்றும் விசேஷமாக இல்லை. பாசி மாதிரி இருந்தது. தாரிணி ப்ளீச்சை நேராக ஊற்ற விடவில்லை. அரை டம்ளருக்கும் குறைவாக எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, அதைத் தொட்டியில் ஊற்றி, பிறகு விளிம்பு வரை நல்ல தண்ணீர் நிரப்பச் சொன்னாள்.

ப்ளீச் தண்ணீர் எல்லாக் குழாய்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அதைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டும். அந்த வேலை நாச்சிமுத்துவுக்கு. திருமூர்த்தி ஒவ்வொரு குழாயாகத் திறக்க, அவர் குனிந்து மோந்து, "வல்லீங்க... வல்லீங்க... வந்துருச்சு, மூடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். சமையல் குழாய், குளியல் குழாய், கழிப்பறைக் குழாய், கடைசியாக வெளிக் குழாய். வெளிக் குழாயில் மேனகாவும் வந்து மோந்தது. மோந்ததும் தலையை உதறி ஒரு தும்மல் போட்டு, யாரோ தன் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போலத் திருமூர்த்தியைப் பார்த்தது.

பாவாயிக்கும் மனத்தாங்கல்தான். "இதா பாருங்க தம்பி, பால் குடுக்கற ஆடு. திடீர்னு தண்ணிய மாத்திப்போட்டா அது என்னத்துக்காகும்?" என்று கேட்டாள். மிச்சமிருந்த உப்புக் குப்பிகள் எல்லாவற்றையும் அவன் எடுத்து அவளிடம் கொடுத்தான். வாளித் தண்ணீரில் எவ்வளவு விட வேண்டும் என்று தாரிணி சொல்லிக்கொடுத்தாள். பாவாயி சமாதானமாகி எல்லாருக்கும் டீ போட்டாள். ஆட்டுப்பால் டீ. நாச்சிமுத்து டம்ளரைப் பார்த்து மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

தொட்டியில் ப்ளீச் சில மணிநேரம் ஊற வேண்டும். அதுவரை அணைக்கரைக்குப் போய் வறுத்த மீன் சாப்பிட்டார்கள். செந்தூரன் திருமூர்த்தியின் தோளில் ஏறி அவன் முடியைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்து தொட்டியைக் காலி செய்து, நிரப்பி, காலி செய்து, நாச்சிமுத்துவின் மூக்கு ஒப்புக்கொள்ளும் வரை அலசினார்கள். கடைசி நிரப்பலில் வாடை போகச் சமையல் சோடா. வடிகட்டியை மாட்டினார்கள். புதுப் பூச்சு வளர்க்கும் பொடி ஒரு பொட்டலம் தாரிணியின் பையில் இருந்தது. அதை அவள் போடவில்லை. வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்கு வெறும் தொட்டியாகவே இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். வண்டியின் டயர்கள் நின்ற இடத்திலேயே கொஞ்சம் பதிந்துபோயிருந்தன. அவன் முடுக்கியதும் ஒரு முனகலோடு வெளியே வந்தது. உடுமலைப்பேட்டை தாண்டித் தாராபுரம் சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஒவ்வொன்றுக்கும் செந்தூரன் தன் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னான். நாச்சிமுத்து முன்னால் உட்கார்ந்து, எந்தக் காற்றாலை யார் நிலத்தில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி கற்பனை என்று எல்லாருக்கும் தெரியும்.

தாராபுரத்துக்கு முன்னால் குழந்தை பாலுக்கு அழுதது. சாலையோரம் நிழல் பார்த்து நிறுத்தினான். நாச்சிமுத்து காலாற இறங்கினார். திருமூர்த்தி எழுந்து பின்னால் போய், புட்டியை நீட்டுவாள் என்று குழாயருகே நின்றான். கழுவின தொட்டி. முதல் தண்ணீர்.

தாரிணி தன் பைக்குள் கையை விட்டு ஒரு பெரிய எவர்சில்வர் பிளாஸ்கை எடுத்தாள். திறந்து புட்டியில் ஊற்றினாள். ஆவி வந்தது. மாவைப் போட்டுக் குலுக்கினாள்.

"தொட்டில தண்ணி இருக்குதே" என்றான்.

"இவனுக்கு எப்பவும் வீட்ல காச்சுனதுதான் மாமா." நிமிராமல் சொன்னாள்.

செந்தூரன் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கத் தொடங்கினான். அவன் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"நேத்து அந்தத் திரை சொன்னது உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"பொங்கலுக்கு வந்தப்பவே பாத்துட்டேன். நீங்க குளிக்கப் போயிருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

தாரிணி குழந்தையின் வாயோரம் வழிந்த பாலை முந்தானையால் துடைத்தாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க குளிச்சுட்டு வந்து ஒரு டம்ளர்ல தண்ணி புடிச்சு எங்கிட்டக் குடுத்தீங்க. 'உங்கக்கா தண்ணி, குடிச்சுப் பாரு'ன்னீங்க. வாங்கிக் குடிச்சேன். நல்லாருக்குன்னேன்."

"நல்லாருக்குன்னே."

"ரெண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிச்சேன்."

அவனுக்கு அந்தக் காலை ஞாபகம் இருந்தது. அவள் டம்ளரை முழுதும் காலி செய்துவிட்டு, கண் கலங்கியதை மறைக்க வெளியே பார்த்தது. அக்காவின் நினைப்பு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

"அதுக்கப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் சொல்லி நீங்க கேக்கறதவிட நீங்களே பாக்கோணும்னு இருந்துச்சு. சும்மா கழுவுங்கன்னா கழுவ மாட்டீங்க. கொழந்தைக்குன்னா கழுவுவீங்க." குழந்தையை மடியில் சரிசெய்தாள். "வண்டி வேணும்னு கேட்டதும் அதுக்குத்தான். கார்ல போனா எங்களுக்கும் சுலபம். வண்டியோட நீங்க வரோணும்ல."

கோபப்பட இடமிருந்தது. தேடிப் பார்த்தான், நேற்றே செலவாகிவிட்டிருந்தது.

"இன்னும் என்னென்ன பொய் பாக்கி இருக்குது?"

"ஒண்ணே ஒண்ணு. சின்ன விசேஷம், நம்ம ஆளுக மட்டும்னு சொன்னேனே. முன்னூறு பேரு வர்றாங்க. பந்திய நீங்க பாத்துக்குவீங்கன்னு அவரு வீட்ல சொல்லிட்டேன்."

முன்னூறு இலை. முன்னூறு பேரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தால் பதில் சொல்ல நேரமிருக்காது. இதையும் அவள் யோசித்துத்தான் வைத்திருப்பாள்.

நாச்சிமுத்து படியேறி வந்தார். வியர்த்திருந்தார். சொம்பை எடுத்து, குழாயைத் திறந்து, நேற்று தானே மோந்து ஒப்புக்கொண்ட தண்ணீரைப் பிடித்துக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்னங்க மாப்ள, இது சப்புனு இருக்குது?"

சொம்பை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக் குடித்தான். உப்பு இல்லை. மிருதுளா இல்லை, மேனகாவும் இல்லை. யாருக்காகவும் எதுவும் கலக்காத, அணையிலிருந்து வந்த தண்ணீர். காலையிலிருந்து ஒன்றும் குடிக்காமல் ஓட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தண்ணின்னா இப்படித்தானுங்க மாமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சொம்பு பிடித்தான்.